ஆறு மாதத்துக்கு முன் எத்தனை கிலோ இருந்தார்?

காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் மதுரைக்குச் சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் காகிதங்களில் குறை வைப்பதில்லை. எண்டோஸ்கோப்பி அறிக்கை, சதைப் பரிசோதனை முடிவு, சி.டி. ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் எல்லாம் தேதிவாரியாக அடுக்கி மஞ்சள் பையில் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து மகன் கைபேசியில் காத்திருப்பார். உணவியல் நிபுணராக மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நான் அவற்றையெல்லாம் புரட்டிவிட்டு ஒன்று கேட்பேன்: "ஆறு மாதத்துக்கு முன் ஐயா எத்தனை கிலோ இருந்தார்?" அங்கே பேச்சு நின்றுவிடும். மகள் தாயாரைப் பார்ப்பார். தாயார், "நன்றாகத்தான் இருந்தார்" என்பார்.

இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் நேரத்தில் இந்தக் கேள்வி எதற்கு என்று பலருக்கும் தோன்றும். கட்டி எவ்வளவு பெரிது, எங்கே பரவியிருக்கிறது என்பவைதானே முக்கியம்? முக்கியம்தான். ஆனால் அந்தக் கட்டியை எடுத்த பிறகு புண் ஆறவேண்டியது அதே உடம்பில்தான். அந்த உடம்பில் இருப்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அறுவைக்கு முன்பே எண்ணிப் பார்ப்பதைத்தான் ஊட்டச்சத்து நிலையை மதிப்பிடுதல் என்கிறோம். நோயாளியின் வீட்டாருக்கும், இதைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கும் அது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். கணக்கு எழுதியே வளர்ந்த சீமை அது. பழைய வீடுகளின் மரப்பெட்டிகளில் இன்னும் பேரேடுகள் கிடக்கின்றன. ஒரு கடை நன்றாக நடக்கிறதா என்று பார்க்க, இன்றைக்குப் பெட்டியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்த்ததில்லை. போன ஐந்தொகையில் இருப்பு எவ்வளவு, அதற்குப் பிறகு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, இப்போது இருப்பு ஏறுமுகமா இறங்குமுகமா என்று பார்த்தார்கள். உடம்புக்கும் இதே கணக்குதான். இன்றைய எடை பெட்டியில் இருக்கும் பணம். அது எங்கிருந்து, எத்தனை நாளில், எப்படி இங்கே வந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது.

இரைப்பை நோயில் இது ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை

மற்ற உறுப்புகளில் வரும் புற்றுநோய்களிலும் எடை குறையும். இரைப்பையில் வந்தால் இழப்பு மூன்று வழிகளில் நடக்கிறது. முதல் வழி கண்ணுக்குத் தெரியும்: கட்டி இடத்தை அடைத்துக்கொள்கிறது, அல்லது இரைப்பைச் சுவரை விறைப்பாக்கி விரிய விடாமல் செய்கிறது. இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது. கட்டி இரைப்பையின் கீழ்வாயில், சிறுகுடலுக்குப் போகும் வழியில் இருந்தால், உணவு கீழே இறங்காமல் தேங்கி, நேற்று இரவு சாப்பிட்ட சாதம் இன்று மாலை வாந்தியில் அப்படியே வரும். இரண்டாவது, கட்டியிலிருந்து சிறிது சிறிதாக ரத்தம் கசிகிறது. அதோடு இரும்புச்சத்தும் போகிறது. மூன்றாவது வழியைத்தான் வீட்டில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. புற்றுநோய் உடம்பு முழுவதும் ஒருவித அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. அந்த அழற்சி பசியை அடக்குகிறது, தசையைக் கரைக்கிறது. சாதாரணப் பட்டினியில் உடம்பு முதலில் கொழுப்பைச் செலவழித்து, தசையை முடிந்தவரை காப்பாற்றும். இங்கே தசையும் சேர்ந்தே கரைகிறது. அதனால்தான் சிலர் ஓரளவு சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகிறார்கள். "நான் சரியாகக் கவனிக்கவில்லை" என்று மனைவிமார் அழுவதைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் குற்றம் இல்லை.

இப்படி இளைத்த உடம்பில்தான் அறுவை நடக்கிறது. இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் இரைப்பையையோ உணவுக்குழாயையோ சிறுகுடலோடு இணைத்துத் தைக்கிறார்கள். அந்தத் தையல் பிடிக்கப் புரதம் வேண்டும். கிருமித்தொற்றை எதிர்க்கப் புரதம் வேண்டும். மயக்கம் தெளிந்ததும் ஆழமாக மூச்சு விட்டு, சளியை இருமி வெளியேற்றி, எழுந்து நடக்கத் தசை வேண்டும். அறுவைக்குப் பிறகோ, சிறிது சிறிதாகத்தான் சாப்பிட முடியும் என்பதால் எடை இன்னும் இறங்கும். முழு இரைப்பையையும் எடுத்தவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் இழப்பது வழக்கம். இறங்கப்போவது தெரிந்திருப்பதால்தான் இறங்குவதற்கு முன் இருப்பைப் பார்க்கிறோம்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹைரம் ஸ்டட்லி என்ற அறுவை மருத்துவர், வயிற்றுப் புண்ணுக்காக அறுவை செய்துகொண்டவர்களின் குறிப்புகளை ஆராய்ந்து 1936-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறுவைக்கு முன் தம் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். அவ்வளவு இழக்காதவர்களில் இறந்தவர்கள் 3.5 சதவீதம்தான். மயக்க மருந்தும் கிருமிக்கொல்லி மருந்துகளும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் அன்றைக்கு இருந்ததைவிட இன்று எவ்வளவோ முன்னேறிவிட்டன, எண்களும் மாறிவிட்டன. ஆனால் அவர் அளந்த அந்தச் சதவீதம் இன்றும் முதல் அளவுகோலாக நிற்கிறது.

ஒரு ஐயாவின் கணக்கு

விளக்கத்துக்காக ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். வயது 66, உயரம் 165 சென்டிமீட்டர், ஊர் காரைக்குடிக்குப் பக்கம். இன்று எடை 53 கிலோ. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டும் உடல் நிறை குறியீட்டெண்ணைக் கணக்கிட, கிலோவை மீட்டரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இவருக்கு 19.5 வருகிறது. 18.5-க்குக் கீழே போனால்தான் மெலிவு என்பது பொதுவான கணக்கு. இந்த எண்ணை மட்டும் பார்க்கிறவர், ஐயா சரியான எடையில் இருக்கிறார் என்று எழுதிவிடுவார்.

இப்போது பழைய எடையைத் தேடுவோம். ஐந்து மாதங்களுக்கு முன், சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனபோது சீட்டில் 62 கிலோ என்று எழுதியிருக்கிறது. இழந்தது 9 கிலோ. ஒன்பதை 62-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 14.5 சதவீதம். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 10 சதவீதத்தைத் தாண்டினால் கடுமையான சத்துக்குறைவு. சரியான எடை என்று எழுதப்பட்ட அதே மனிதர், அறுவைக்குப் போகும் முன் கட்டாயம் சத்தேற்ற வேண்டியவராக மாறிவிட்டார். அவர் உடம்பில் எதுவும் மாறவில்லை. ஒரு பழைய சீட்டு கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்தச் சீட்டு இல்லாத வீடுகள்தான் அதிகம். எடை பார்க்கும் வழக்கமே இல்லாதவர்களிடம் நான் வேறு வழியில் கேட்பேன். சாந்திக் கல்யாணத்துப் (அறுபதாம் கல்யாணத்துப்) புகைப்படம் கைபேசியில் இருக்கிறதா? மோதிரம் விரலில் நிற்கிறதா, நூல் சுற்றிப் போட்டிருக்கிறாரா? இடுப்பு பெல்ட்டில் புதிதாகத் துளை போட்டீர்களா, எத்தனை துளை? பல் செட் தளர்ந்திருக்கிறதா? ஆச்சிமாராக இருந்தால், முழங்கைக்குக் கீழே நின்ற வளையல் இப்போது எதுவரை ஏறுகிறது, ரவிக்கையை எத்தனை முறை பிடித்துத் தைத்தார்கள்? இவற்றுக்கு உறுதியான பதில் வராத வீடே இல்லை. பெல்ட்டின் மூன்று துளைகளை வைத்துக் கிலோவைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் இறங்குமுகம் எவ்வளவு வேகம் என்று சொல்ல முடியும்.

தராசையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. காலில் நீர் கோத்திருந்தாலோ வயிற்றில் நீர் சேர்ந்திருந்தாலோ, கரைந்த தசையின் எடையை அந்த நீர் நிரப்பிக்கொண்டு, எடை குறையவே இல்லை என்று காட்டும். கணுக்காலை விரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

"சாப்பிடுகிறாரா?" என்று கேட்டால்

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு "சாப்பிடுகிறார்" என்ற பதிலைத் தவிர வேறு பதில் வராது. வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புவதையே குறையாக நினைக்கும் ஊரில், வீட்டுப் பெரியவர் சாப்பிடவில்லை என்று வெளியில் சொல்ல யாருக்கு மனம் வரும்? அதனால் எண்ணிக்கையாகக் கேட்க வேண்டும். முன்பு காலையில் எத்தனை இட்லி? நான்கு. இப்போது? ஒன்றரை. மதியம் சோறு? முன்பு இருந்ததில் கால்வாசி. இரவு? கஞ்சி. போன வாரம் முழுக்க இப்படியா, அதற்கு முன்பிருந்தேவா? இப்படிக் கேட்டுப் பார்த்தால், வழக்கமான உணவில் பாதிக்கும் கீழே போய்விட்டது என்பது தெரிந்துவிடும்.

கஞ்சியைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி என்பது நம் கைக்குப் பழகிவிட்டது. இரண்டு நாள் காய்ச்சலுக்கு அது போதும். மூன்று மாதமாகச் சாப்பிட முடியாத ஒருவருக்கு அது போதாது. நீர்க்கக் காய்ச்சிய அரிசிக்கஞ்சி ஒரு டம்ளரில் புரதம் ஒன்றிரண்டு கிராம்தான் இருக்கும். இளநீரிலும் பழச்சாற்றிலும் அநேகமாகப் புரதமே இல்லை. வயிற்றில் இடம் கொஞ்சமாக இருக்கிறது. அந்தக் கொஞ்ச இடத்தையும் தண்ணீரால் நிரப்பிவிடுகிறோம். அன்போடுதான் செய்கிறோம், ஆனாலும் அவருக்குச் சத்து போய்ச் சேரவில்லை.

விரதங்களையும் கேட்பேன். சஷ்டி, கார்த்திகை, சோமவாரம் என்று ஒருபொழுது இருப்பவர்கள் பலர், நோய் தெரிந்த பிறகு வேண்டுதலாகக் கூடுதலாகவும் இருப்பார்கள். அவர்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அறுவை முடிந்து உடம்பு தேறும் வரை விரதத்தைத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வேன்.

நீரிழிவு உள்ளவர்கள் இன்னொரு வகை. எடை இறங்கியதும் சர்க்கரை அளவும் சேர்ந்து இறங்கும். "சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டுவிட்டது" என்று வீடே மகிழ்ந்திருக்கும். சாப்பாடு உள்ளே போகாததால் இறங்கிய சர்க்கரை அது. பத்து ஆண்டுகளாகக் கடைப்பிடித்த பத்தியத்தை இப்போதும் அப்படியே தொடரக் கூடாது. எதைத் தளர்த்தலாம், மருந்தை எப்படி மாற்றலாம் என்று சர்க்கரை மருத்துவரிடம் உடனே பேச வேண்டும்.

நடையும் கைப்பிடியும்

எடைக்கும் உணவுக்கும் அடுத்தபடி பார்ப்பது, உடம்பால் என்ன செய்ய முடிகிறது என்பது. போன தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போனாரா? இப்போது குன்றக்குடி மலைப்படி ஏற முடியுமா? முடியாது என்றால், வீட்டிலிருந்து கொப்புடையம்மன் கோயில் வரை நடக்கிறாரா, திண்ணையோடு சரியா? ஓராண்டுக்குள் பாதயாத்திரையிலிருந்து திண்ணைக்கு வந்துவிட்டார் என்றால் எந்தக் கருவியும் இல்லாமலே பாதி தெரிந்துவிட்டது.

கருவியாலும் அளக்கலாம். கையால் இறுக்கிப் பிடிக்கும் ஒரு சிறு கருவி கைப்பிடி வலுவைக் கிலோவில் காட்டும். ஆசியர்களுக்காக 2019-இல் திருத்தி வெளியிட்ட அளவுகளின்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் வலு குறைவு. கெண்டைக்காலின் அதிகப் பருமனான இடத்தில் தையல்காரர் நாடாவைச் சுற்றி, ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் தசை குறைந்திருக்கலாம் என்று கொள்கிறோம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனாலும் அதே ஐயம்தான். இந்த இரண்டையும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம், பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும்.

கண்ணால் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நெற்றிப்பொட்டு குழிந்திருக்கிறதா, தோள்பட்டை எலும்பு சதுரமாகத் துருத்துகிறதா, புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பள்ளம் விழுந்திருக்கிறதா, மேல்கையின் பின்புறம் தோலைக் கிள்ளினால் கொழுப்பு அகப்படுகிறதா, தொடை சூம்பியிருக்கிறதா என்று பார்க்கிறோம். எடை இழப்பு, உணவு, வாந்தி, நடமாட்டம் பற்றிய பதில்களோடு இதையும் சேர்த்து, நல்ல நிலை, நடுத்தரக் குறைவு, கடுமையான குறைவு என்று மூன்றில் ஒன்றாகப் பிரிக்கும் முறைக்கு எஸ்ஜிஏ என்று பெயர். 1987-இல் கனடாவின் டொராண்டோ மருத்துவர்கள் இதை விரிவாக எழுதினார்கள். மதிப்பெண் எதுவும் போடாமல், கேட்பதாலும் தொட்டுப் பார்ப்பதாலும் மட்டுமே முடிவுக்கு வரும் இந்த முறை இத்தனை ஆண்டுகளாக நிலைத்திருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. நம் பாட்டிமார் வாசலில் நுழையும் பேரப்பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுச் சொன்னதும் இதைப் போன்றதுதானே.

மருத்துவமனைகளில் முதல் சல்லடையாகப் பயன்படுவது என்ஆர்எஸ்-2002. சத்துக்குறைவுக்கு 0 முதல் 3, நோயின் கடுமைக்கு 0 முதல் 3, வயது 70 அல்லது அதற்கு மேல் என்றால் கூடுதலாக 1 என்று மதிப்பெண் போடுவார்கள். 3 வந்தாலே சத்தேற்றும் திட்டம் தேவை. நம் ஐயாவுக்கு உணவு பாதிக்கும் கீழே போனதற்கு 2, பெரிய வயிற்று அறுவைக்கு 2, ஆக 4.

குண்டாக இருக்கும் ஆச்சி

இதைத் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உயரம் 150 சென்டிமீட்டர், எடை 72 கிலோ உள்ள ஓர் ஆச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். குறியீட்டெண் 32. பார்க்கிறவர்கள் எல்லாரும் "உடம்பு குறைந்தால் நல்லதுதான்" என்பார்கள். ஆறு மாதத்துக்கு முன் அவர் 82 கிலோ. இழந்தது 12 சதவீதத்துக்கும் மேல். கொழுப்பு மேலே போர்த்தியிருப்பதால், உள்ளே தசை கரைந்தது வெளியில் தெரியவில்லை. கைப்பிடி வலுவை அளந்தால் தெரிந்துவிடும். நோயின் நிலையைப் பார்க்க எடுத்த சி.டி. ஸ்கேனிலேயே இடுப்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளக்கவும் வழி இருக்கிறது. தனியாக இன்னொரு ஸ்கேன் தேவையில்லை, கேட்டால் போதும். இளைப்பதைப் பாராட்டும் பழக்கத்தால் இப்படிப்பட்டவர்கள் கவனிக்கப்படாமலே அறுவை மேசைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

அல்புமின் என்ற எண்

ரத்தச் சீட்டில் அல்புமின் என்று ஒரு வரி இருக்கும். 100 மில்லிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை சரியான அளவு. கல்லீரலும் சிறுநீரகமும் நன்றாக இருந்தும் 3-க்குக் கீழே போயிருந்தால் அறுவையில் ஆபத்து அதிகம். இதை வைத்தே சத்து நிலையைச் சொல்லிவிடலாம் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அல்புமின் கல்லீரலில் உண்டாகும் புரதம். ரத்தத்தில் சேர்ந்தது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 20 நாள் ஆகும். இந்த வாரச் சாப்பாடு அதில் உடனே தெரியாது. அழற்சியோ தொற்றோ இருந்தால், நன்றாகச் சாப்பிடுகிறவருக்கும் அது இறங்கிவிடும். அல்புமின் சரியாக இருந்தும் தசையெல்லாம் கரைந்தவர்களும் உண்டு. ஆகவே அது நோயின் கடுமையைச் சொல்லும் எண். உணவுக் கணக்கைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

"அல்புமின் பாட்டில் ஏற்றிவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. சீட்டில் எண் ஏறும், தசை வளராது. குளுக்கோஸ் டிரிப்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு இட்லியின் கலோரி, புரதம் துளியும் இல்லை. நீர்ச்சத்து குறைந்தவருக்கு அது உதவும், உணவாகாது.

இதோடு ஹீமோகுளோபின், இரும்பு, பி12, பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட் அளவுகளையும் பார்ப்பார்கள். அல்புமினையும் வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட் எண்ணிக்கையையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் கணக்கு ஒன்றை ஜப்பானில் ஒனோடெரா குழுவினர் 1984-இல் தந்தார்கள். இரைப்பை அறுவை மருத்துவர்கள் அதையும் பார்ப்பதுண்டு. நீங்கள் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

குறைவு என்று தெரிந்த பிறகு

கடுமையான குறைவு இருந்தால், அறுவையை 7 முதல் 14 நாள் தள்ளிவைத்தாவது சத்தேற்ற வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல். புற்றுநோய் அறுவைக்கும் இது பொருந்தும் என்றே அதில் இருக்கிறது. அறுவைக்கு முன் கீமோ கொடுக்கும் திட்டமாக இருந்தால் இரண்டு மாத அளவுக்கு அவகாசம் கிடைக்கும். அந்த மாதங்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் முன் எடை பார்த்து எழுத வேண்டும். கீமோவின் குமட்டலில் சேர்த்ததையெல்லாம் இழந்துவிடும் ஆபத்தும் அப்போதுதான் இருக்கிறது.

எவ்வளவு சாப்பிட வேண்டும்? ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 53 கிலோ ஐயாவுக்கு ஏறத்தாழ 1,300 முதல் 1,600 கலோரி, 64 முதல் 80 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஓர் இட்லியில் 2 கிராம், எலும்பில்லாத மீனோ கோழியோ நூறு கிராமில் 20 கிராம் என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். மூன்று வேளையில் இது அடங்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, சிறு கிண்ணத்தில், கெட்டியாகக் கொடுக்க வேண்டும். நம் சமையலிலேயே இதற்கு வழி இருக்கிறது. உளுந்தும் பாசிப்பருப்பும் அரிசியும் வறுத்து அரைத்து நெய்விட்டுக் கிண்டும் கும்மாயத்தை, சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இனிப்பைக் குறைத்து இரண்டு கரண்டி கொடுக்கலாம். மாவுருண்டைக்கு வறுத்து அரைத்த பாசிப்பருப்பு மாவைப் பாலில் கரைத்துக் காய்ச்சலாம். இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்து, கூடவே குழைந்த முட்டை. காரம் இப்போதைக்கு வேண்டாம், மிளகு போதும். மருத்துவமனை தரும் சத்துமாவுப் பானங்களைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்காமல் இடைவேளைகளில் கொடுக்க வேண்டும். கூடவே கொஞ்சம் நடை. வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, சுற்றிக் காலையும் மாலையும் நாலு சுற்று வந்தால்தான் சாப்பிட்ட புரதம் தசையாகும்.

கட்டி வழியை அடைத்திருந்தால் இவையெல்லாம் உள்ளே போகாது. அப்போது எண்டோஸ்கோப்பி உதவியோடு மூக்கு வழியாக மெல்லிய குழாயைக் கட்டியைத் தாண்டிச் சிறுகுடலில் கொண்டுபோய் வைப்பார்கள், அல்லது வயிற்றில் சிறு துளையிட்டுச் சிறுகுடலில் நேராகக் குழாய் வைப்பார்கள். மூக்கில் குழாய் என்றதும் "எல்லாம் முடிந்துவிட்டதா?" என்று வீட்டில் பதறுகிறார்கள். எழுந்து நடக்கத் தெம்பு வருவதற்காகத்தான் அந்தக் குழாய். குடல் வழி எதுவுமே முடியாதபோது ரத்தக்குழாய் வழியாக முழு ஊட்டம் தருவார்கள். அது டிரிப்ஸ் இல்லை, புரதமும் கொழுப்பும் சேர்ந்தது, கண்காணிப்போடு கொடுக்க வேண்டியது.

ஓர் எச்சரிக்கை. பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்கு ஒரே நாளில் நிறையக் கொடுத்துவிடக் கூடாது. திடீரென்று வரும் உணவைக் கையாளும் அவசரத்தில் ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் பாய்ந்து, இதயத்துடிப்பே தடுமாறலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுதலையான கைதிகள் நல்ல உணவு கிடைத்த பிறகு இறந்துபோனதைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் இதைத் தெரிந்துகொண்டார்கள். இப்படிப்பட்டவருக்குத் தயமின் என்ற பி1 வைட்டமினைக் கொடுத்துவிட்டு, ரத்த அளவுகளைப் பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். இதை வீட்டில் செய்யாதீர்கள்.

நம் பக்கத்தவர்கள் மதுரைக்கும் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் சிகிச்சைக்குப் போகிறார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். எந்த ஊருக்குப் போனாலும் மஞ்சள் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கட்டும். வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்ததும், சாப்பிடுவதற்கு முன், அதே தராசில் எடை. பக்கத்தில் அன்றைக்குச் சாப்பிட்டது, எண்ணிக்கையோடு.

"பதினான்கு நாள் தள்ளிப்போட்டால் அப்பச்சிக்குக் கட்டி பெரிதாகிவிடாதா?" என்று மகள்கள் கேட்கிறார்கள். மாதக்கணக்கில் வளர்ந்த கட்டி அது. எல்லாருக்கும் காத்திருக்க முடியாது, ரத்தப்போக்கு நிற்காதவருக்கோ துளை விழுந்தவருக்கோ மருத்துவர்கள் உடனே செய்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அந்த இரண்டு வாரம் சிகிச்சையின் முதல் பகுதி. "இரண்டு வாரத்தில் ஒன்பது கிலோவும் திரும்பிவிடுமா?" என்றும் கேட்கிறார்கள். திரும்பாது. ஒரு கிலோ ஏறினாலே அதிகம். 53 அடுத்த வாரம் 52 ஆகாமல் 53-லேயே நிற்கிறதா, ஒன்றரை இட்லி இரண்டரை ஆகியிருக்கிறதா, நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவர் இன்று பிடிக்காமல் முகப்பு வரை வருகிறாரா என்றுதான் நாங்கள் பார்ப்போம். நோட்டில் அந்த மூன்றும் பதிவாகியிருந்தால் அறுவை மருத்துவரிடம் நாள் குறிக்கச் சொல்லிவிடுவேன்.